சிலுவைப் போர்: ஒரு சொல் விளக்கம்

1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் ஆற்றிய உரையிலிருந்து, எருசலேமுக்காக முஸ்லிம்களோடு ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் நடத்திய சிலுவைப் போர்களின் கதையைத் தொடங்குவது வழக்கம். அன்று அந்தப் பெயர் கிடையாது. கிளம்பிப் போனவர்கள் அதைப் பயணம் என்றார்கள், யாத்திரை என்றார்கள். நேர்ந்துகொண்டவர் துணியில் சிலுவை வெட்டித் தோளில் தைத்துக்கொள்வார். அதை வைத்து, 'சிலுவைக் குறி அணிந்தவர்' என்ற பொருளில் ஒரு லத்தீன் பெயர் பிற்பாடு பரவியது. போரின் பெயர் அதற்கும் பிந்தியது. சிலுவைப் போரைக் குறிக்கும் 'குரூசேட்' ஆங்கிலத்தில் நிலைத்தது 18ஆம் நூற்றாண்டில்தான்.

'தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்' என்கிறது மத்தேயு சுவிசேஷம். பாடுபடத் தயாராக இரு என்று சொல்லும் வசனம் அது. அதையே படை திரட்டவும் எடுத்தாண்டார்கள். 1099இல் எருசலேம் விழுந்தபோது நகரில் நடந்த படுகொலையை அவர்கள் தரப்பு வரலாற்றாசிரியர்களே மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

சரி, எதிர்த்தரப்பு என்ன பெயர் சொன்னது? அன்றைய அரபு நூல்களில் வந்தவர்கள் 'ஃபிரஞ்ச்', அதாவது பிராங்குகள் என்ற மேற்கு ஐரோப்பியர். மத அடையாளத்தை விட இனப்பெயரே முந்தி நின்றது. இதை மதப்போராகக் கண்டு, எதிர்த்து ஜிஹாத் செய்யுங்கள் என்று 1105 வாக்கிலேயே திமிஷ்கில் (டமாஸ்கஸ்) முழங்கிய அல் சுலமி என்ற மார்க்க அறிஞரின் குரலுக்கு உடனே பெரிய வரவேற்பு இல்லை. 'சிலுவைப் போர்கள்' என்று பொருள்படும் அரபுத் தொடர் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சொல்லைப் பார்த்து ஆக்கப்பட்டது. அந்தப் பழைய 'ஃபிரஞ்ச்' நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கிறது: பறங்கியர், பரங்கிமலை, ஏன், பரங்கிக்காய் வரை.

தமிழில் 'சிலுவை' சிரியாக் மொழியின் 'ஸ்லீபா'விலிருந்து வந்தது. அரபியின் 'ஸலீப்' அதற்கு உறவுச்சொல். ஆகவே 'சிலுவைப் போர்' பொருத்தமான ஆக்கம், அதையே வைத்துக்கொள்ளலாம். 'புனிதப் போர்' வேண்டாம். அது போரிட்டவர்களின் உரிமைகோரலை நம் வாயால் சொல்வது.

'ஜிஹாத்'துக்கும் 'புனிதப் போர்' என்றே பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. அதன் வேர்ப்பொருள் முயற்சி, பாடுபடுதல். போருக்கு அரபியில் 'ஹர்ப்', சண்டைக்கு 'கிதால்' என்று தனிச்சொற்கள் உண்டு. ஆனால் வெறும் மனப்போராட்டம் என்று சொல்லி நழுவவும் முடியாது. பழைய சட்ட நூல்களில் ஜிஹாத் பெரும்பாலும் ஆயுதப் போர்தான், யாரைக் கொல்லக் கூடாது என்ற விதிகளோடு. தமிழ் முஸ்லிம்கள் எழுதும் 'அறப்போர்' நல்ல சொல். என்ன, சத்தியாகிரகத்துக்கும் இந்தி எதிர்ப்புக்கும் அதே பெயரை வழங்கிவிட்டதால் ஆயுதம் உண்டா இல்லையா என்று வாசகர் குழம்புவார். 'ஜிஹாத்' என்றே எழுதி இடத்துக்கேற்ப விளக்குவது மேல்.

ஊழலுக்கு எதிரான 'குரூசேட்' என்று வந்தால் 'சிலுவைப் போர்' என்று போட வேண்டியதில்லை. போராட்டம், இயக்கம் போதும். 2001 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் பயங்கரவாதத்துக்கு எதிரான போரை 'குரூசேட்' என்றபோது இந்தப் பொதுப்பொருளில்தான் சொன்னதாக வெள்ளை மாளிகை விளக்கியது. ஆனால் அரபு உலகின் காதில் அது 1099ஆகவே விழுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் மட்டும் மூலச்சொல்லையும் விட்டுவைக்க வேண்டும். 'போராட்டம்' என்று மாற்றிவிட்டால் எதற்கு அவ்வளவு கண்டனம் வந்தது என்பதே தமிழ் வாசகருக்குப் புரியாது.