பாலம் யாருக்கு லாபம்? போக்குவரத்துத் திட்டங்களின் இரண்டு கணக்குகள்

ஒரு சாலைக்கோ பாலத்துக்கோ ரயில் பாதைக்கோ தயாராகும் திட்ட அறிக்கையில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கும். நிதிக் கணக்கு, திட்டத்தை நடத்தும் அமைப்புக்கு எவ்வளவு வரும், எவ்வளவு போகும், வாங்கிய கடன் அடையுமா என்று பார்க்கிறது. பொருளாதாரக் கணக்கு, அதே திட்டத்தால் சமூகம் முழுவதற்கும் சேர்த்து என்ன மிஞ்சும் என்று பார்க்கிறது. இத்தகைய அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் தொழில். ஒரு கணக்கின் விடையை எடுத்து மற்றக் கணக்கின் கேள்விக்குப் பதிலாக வைப்பதே அவற்றில் நான் அதிகம் காணும் கோளாறு. கூட்டல் பிழைகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கற்பனையாக ஒரு பாலத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றுவழியில் போக எரிபொருள், தேய்மானம், நேரம் எல்லாம் சேர்த்து ஒரு வாகனத்துக்கு 100 ரூபாய் ஆகிறது. பாலம் வந்தால் அது 60 ஆகும். இப்போது நாளொன்றுக்கு 10,000 வாகனங்கள் போகின்றன. கட்டணமில்லாப் பாலம் என்றால் புதிதாக 4,000 சேரும். பழைய பயணங்களுக்கு ஒவ்வொன்றிலும் 40 ரூபாய் முழுப் பயன். புதிய பயணங்களுக்குச் சராசரியாக அதில் பாதியே பயன், ஏனெனில் அவர்களில் சிலர் செலவு சற்றே குறைந்திருந்தாலும் வந்திருப்பார்கள், சிலர் 60 ஆன பிறகே வருகிறார்கள். ஆக, ஒரு நாளின் பயன் 4,80,000 ரூபாய். கட்டண வருவாய் சுழியம். இதே பாலத்தில் 30 ரூபாய் சுங்கம் வைத்தால் பயணிக்கு மிச்சம் 10 ரூபாய்தான், புதிதாக வருபவை 1,000 வாகனங்கள்தான். சுங்க வருவாய் 3,30,000, பயணிகளின் பயன் 1,05,000, மொத்தம் 4,35,000. கடன் கொடுத்த வங்கிக்கு இரண்டாவது பாலம் இனிக்கும். ஆனால் பாலத்துக்கு வராமலே போன 3,000 வாகனங்களோடு நாளொன்றுக்கு 45,000 ரூபாய்ப் பயன் யாருக்கும் கிடைக்காமல் கரைந்துபோகிறது. நிதிக் கணக்கில் இந்த இழப்புக்கு இடமே கிடையாது.

இதைப் பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் டுப்புய் 1844ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். லண்டனின் விக்டோரியா சுரங்க ரயில் பாதையைப் பற்றி பாஸ்டரும் பீஸ்லியும் 1963இல் வெளியிட்ட ஆய்வு அதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கட்டண வருவாயால் தன் செலவை ஈடுகட்டாது என்று கருதப்பட்ட அந்தப் பாதை, சமூகப் பயன்களைச் சேர்த்தபோது ஏற்கத்தக்கதாயிற்று; அந்தப் பயனில் கணிசமான பங்கு, நெரிசல் குறைந்த சாலையில் தொடர்ந்து வண்டி ஓட்டியவர்களுடையது. டிக்கெட் எடுக்காதவரின் பயனை டிக்கெட் விற்பனையில் தேடினால் கிடைக்காது.

பொருளாதாரக் கணக்கில் விலைகளும் மாறும். எரிபொருள் விலையிலுள்ள வரி அரசுக்குப் போகும் பணமேயன்றி அழியும் வளம் அன்று. ஆகவே அது கழிக்கப்படும், மானியம் திரும்பச் சேர்க்கப்படும். வேலையின்மை மிகுந்த இடத்தில் உடலுழைப்புக் கூலியை, கொடுக்கும் கூலிக்குக் குறைவான நிழல் விலையில், அதாவது சமூகத்துக்கு அந்த உழைப்பால் ஆகும் செலவைக் காட்டும் கணக்கு விலையில் மதிப்பிடுவார்கள். அதே அறிக்கை நிழல் விலையில் செலவைக் குறைத்துவிட்டு, வேலைவாய்ப்பைத் தனிப் பயனாக மறுபடியும் எழுதினால், ஒரே பணத்தை இருமுறை எண்ணியதாகும். மனை விலை உயர்வும் அப்படித்தான். அது பெரும்பாலும் பயண நேரம் மிச்சமானதன் எதிரொலி. நேர மிச்சத்தையும் அதையும் சேர்த்துக் கூட்டிய அட்டவணைகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன.

ஒப்பீடு திட்டத்துக்கு முன், பின் என்று இருக்கக் கூடாது. திட்டம் இருந்தால், இல்லாவிட்டால் என்று இருக்கவேண்டும். திட்டம் இல்லாவிட்டாலும் சாலைக்குப் பராமரிப்பு நடக்கும், சந்திப்புகள் சீராகும். அவை எதுவும் நடக்காது என்று வைத்துக்கொண்டால் எந்தத் திட்டமும் அழகாகவே தெரியும். அகலப்படுத்திய சாலை புதிய போக்குவரத்தை வரவழைத்து, எதிர்பார்த்த பயனைக் குறைக்கக்கூடும் என்பதை, பிரிட்டன் அரசின் ஆலோசனைக் குழு ஒன்று 1994இல் விரிவாகவே பதிவுசெய்தது.

எதிர்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி வீதத்துக்கும் பெரும் பங்குண்டு. 30 ஆண்டுகள் கழித்து வரும் 100 ரூபாய், 12 விழுக்காட்டில் இன்று ஏறக்குறைய 3 ரூபாய், 3.5 விழுக்காட்டில் ஏறக்குறைய 36 ரூபாய். எந்த வீதம், எதற்காக அது என்று அறிக்கை சொல்லவில்லையென்றால் இறுதி எண்ணைப் படிப்பதில் பொருளில்லை.

பெரும்பாலான அறிக்கைகளின் கடைசியில், செலவு 10 விழுக்காடு கூடினால் என்னாகும் என்றொரு சோதனைப் பக்கம் இருக்கும். 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து ஃப்ளூபியரும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், மதிப்பீட்டைவிடக் கூடிய செலவு ரயிலுக்குச் சராசரியாக 45, பாலம், சுரங்கங்களுக்கு 34, சாலைக்கு 20 விழுக்காடு. எனவே கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அறிக்கையைத் தரும்போது, வாகன எண்ணிக்கை எத்தனை விழுக்காடு குறைந்தால், அல்லது செலவு எத்தனை விழுக்காடு கூடினால், வரவிலிருந்தோ பயனிலிருந்தோ செலவைக் கழித்த நிகர மதிப்பு சுழியமாகும் என்று கேளுங்கள்; அதையும் இரண்டு கணக்குக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.