சுவரைத் துளைத்த வடிவியல்

ஃபிளாரன்ஸ் நகரில் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் இடப்புறச் சுவரில் ஒரு சிற்றாலயம் இருப்பதுபோல் தெரியும். இரு பக்கமும் தூண்கள், நடுவே சிலுவையில் கிறிஸ்து, தலைக்கு மேலே கட்டம் கட்டமாகப் பள்ளம் வைத்த வளைவுக் கூரை. அந்தக் கூரை சுவருக்குள் பல அடி தூரம் உள்வாங்கிப் போகிறது. உண்மையில் அங்கே தூணும் இல்லை, கூரையும் இல்லை. 1427 வாக்கில் மசாச்சியோ என்ற இளைஞர் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டிய ஓவியம்தான் அது. ஒரு நூற்றாண்டு கழித்து ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரியே, சுவரைத் துளைத்துவிட்டதாகத் தோன்றுகிறது என்று வியந்தார்.

அந்தச் சுவரை நெருங்கிப் பார்த்தால் பூச்சில் கீறிய நேர்கோடுகள் இன்றும் தெரிகின்றன. கூரையின் விளிம்புகள் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று கணக்கிட்டுக் கீறிய கோடுகள் அவை. எல்லாம் கீழ்நோக்கி ஓடி, சிலுவையின் அடிப்பாகத்துக்குச் சற்றுக் கீழே ஒரே புள்ளியில் கூடுகின்றன. தேவாலயத்துக்குள் நிற்பவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும்.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம் என்றதும் ஃபிளாரன்ஸின் வங்கிக் குடும்பமான மெடிச்சிகளின் செல்வமும், கிரேக்க லத்தீன் நூல்களின் மீட்பும், மேதைகளின் பெயர்வரிசையும்தான் முதலில் பேசப்படும். அவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு. ஆனால் அந்த நூற்றாண்டில் கலையும் அறிவியலும் எப்படி ஒரே வேலையாக நடந்தன என்பதைப் புரிந்துகொள்ள, இந்தக் கோடுகளைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பெர்ஸ்பெக்டிவ் என்று ஓவியர்கள் சொல்லும் முறை இதுதான். கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்ற இயற்பியல் கேள்விக்கு, தூரிகை பிடித்தவர்கள் தந்த வடிவியல் விடை அது.

அந்தக் கேள்வியின் வரலாறு ஃபிளாரன்ஸில் தொடங்கவில்லை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளியியல் பற்றி ஏழு பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுகிறது என்று பழங்கால அறிஞர்களான யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்த கருத்தை அவர் மறுத்தார். ஒளிபட்ட பொருளின் ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசையிலும் ஒளியை அனுப்புகிறது. அதில் நம் கண்ணை நோக்கி நேர்கோட்டில் வருவதைக் கொண்டே நாம் பார்க்கிறோம் என்றார். ஒளி நேராகத்தான் போகிறது என்பதைக் காட்ட, துளையிட்ட இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே எதிர்ச்சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஒளிப்பொட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒரே துளையில் குறுக்கிட்டும் கதிர்கள் ஒன்றோடொன்று குழம்பவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். தூரம் கண்ணுக்கு நேரடியாகத் தெரிவதில்லை. நமக்கும் பொருளுக்கும் இடையே தொடர்ச்சியாக விரிந்து கிடக்கும் தரையை வைத்தே மனம் அதைக் கணிக்கிறது. தரை மறைந்துவிட்டால் கணிப்பும் தடுமாறுகிறது. மறுமலர்ச்சி ஓவியர்கள் ஏன் வாய்ப்புக் கிடைத்த இடமெல்லாம் சதுரக்கல் பாவிய தரையை வரைந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை என்பேன். கட்டம் போட்ட தரை, பார்ப்பவர் கையில் தரப்பட்ட அளவுகோல்.

இந்த நூல் 1200ஐ ஒட்டி லத்தீனுக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியிலும் கிடைத்தது. ஃபிளாரன்ஸின் ஞானஸ்நான மண்டபத்துக்கு வெண்கலக் கதவுகள் வார்த்த சிற்பி லொரென்சோ கிபெர்ட்டி, தன் குறிப்பு நூலின் மூன்றாம் பகுதியில் இந்த இத்தாலிய மொழிபெயர்ப்பிலிருந்து நீண்ட பகுதிகளை எடுத்தாண்டிருக்கிறார். கெய்ரோவில் நடந்த சிந்தனை, உலோகம் உருக்கும் பட்டறை வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

முதல் செயல்விளக்கத்தைச் செய்தவர் ஃபிலிப்போ புருனெலெஸ்கி. பொற்கொல்லராகப் பயின்று, பிறகு ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தைக் கட்டியவர். 1425க்கு முன் ஒருநாள் அவர் பேராலயத்தின் நடுவாசலுக்குச் சற்று உள்ளே நின்று, எதிரே இருந்த ஞானஸ்நான மண்டபத்தை ஒரு சிறு பலகையில் வரைந்தார். பலகையில் பருப்பளவு துளை ஒன்று. பார்ப்பவர் பலகையின் பின்புறம் கண்ணை வைத்து, அந்தத் துளை வழியாக, மறுகையில் நீட்டிப் பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பத்தைப் பார்க்கவேண்டும். வானம் இருக்கவேண்டிய இடத்தில் அவர் வண்ணம் பூசவில்லை. மெருகேற்றிய வெள்ளியைப் பதித்திருந்தார். அதில் உண்மையான வானம் பிரதிபலித்தது, காற்றில் மேகம் நகர்ந்தது. பார்ப்பது ஓவியமா மண்டபமா என்று சொல்ல முடியவில்லை என, அந்தப் பலகையைக் கையில் பிடித்துப் பார்த்த, புருனெலெஸ்கியின் வாழ்க்கையை எழுதிய மனெட்டி எழுதிவைத்திருக்கிறார். பலகை இன்று இல்லை.

துளைதான் இதில் உயிர்நாடி. பெர்ஸ்பெக்டிவ் கணக்கு ஒரே கண்ணுக்கு, அதுவும் ஒரே இடத்தில் நிற்கும் கண்ணுக்கு மட்டுமே முழுச் சரியாக வரும். புருனெலெஸ்கி பார்வையாளரின் கண்ணை அந்த இடத்தில் பூட்டிவிட்டார்.

சரி, கணக்கு எப்படி வேலை செய்கிறது? கண்ணுக்கு எதிரே ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு கண்ணாடித் தகடு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், அதன் வழியாகத் தெரிவதை அப்படியே தகட்டின்மேல் வரைகிறோம். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கண்ணுக்கு வரும் நேர்கோடு தகட்டை எங்கே வெட்டுகிறதோ அங்கே ஒரு புள்ளி வைக்கிறோம். இவ்வளவுதான் மொத்த விதியும். மீதியெல்லாம் வடிவொத்த முக்கோணங்கள் பார்த்துக்கொள்ளும்.

கண் தரையிலிருந்து 160 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். தரையில் 2 மீட்டர் தூரத்தில் குறுக்காகப் போட்ட கோடு, தகட்டில் கண்மட்டத்துக்கு 80 சென்டிமீட்டர் கீழே தெரியும். 3 மீட்டரில் உள்ள கோடு 53 சென்டிமீட்டர் கீழே. 4 மீட்டரில் உள்ளது 40, 5 மீட்டரில் உள்ளது 32, 6 மீட்டரில் உள்ளது ஏறக்குறைய 27, 10 மீட்டரில் உள்ளது 16. தூரத்தால் 160ஐ வகுத்தால் போதும். தூரம் கூடக்கூட இந்த எண் சுருங்கும், ஆனால் ஒருபோதும் பூஜ்யமாகாது. அது நெருங்கிக்கொண்டே போகும் எல்லைதான் தொடுவானக் கோடு. சமதரையில் தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருப்பதும், நம் உயரமே உள்ள மனிதர்கள் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அவர்களின் கண்கள் அந்தக் கோட்டிலேயே அமைவதும் இதனால்தான்.

இனி, நம்மைவிட்டு நேராக விலகி ஓடும் கோடுகள். அப்படி ஒரு கோட்டில் தொலைவிலும் தொலைவிலும் உள்ள புள்ளிகளைப் பார்க்கப் பார்க்க, கண்ணிலிருந்து போகும் பார்வைக் கோடு மெல்ல நிமிர்ந்து, கடைசியில் அந்தக் கோட்டுக்கே இணையாகிவிட முயல்கிறது. அந்த இணைப் பார்வைக்கோடு தகட்டைத் தொடும் இடமே மறைபுள்ளி. பக்கத்தில் ஓடும் இன்னொரு இணைகோட்டை எடுத்தாலும், அதற்கு இணையாகக் கண்ணிலிருந்து செல்லும் கோடு அதே ஒன்றுதான். எனவே இணையான கோடுகள் நூறு இருந்தாலும் படத்தில் அவை கூடும் புள்ளி ஒன்றே. மசாச்சியோவின் கீறல்கள் எல்லாம் ஒரே இடத்துக்கு ஓடிய காரணம் இதுதான்.

குறுக்குக் கோடுகளின் இடைவெளியில்தான் பழைய ஓவியர்கள் தவறினார்கள். மேலே சொன்ன எண்களைக் கழித்துப் பாருங்கள்: முதல் வரிசைக் கல் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் உயரம், அடுத்தது 13, பிறகு 8, பிறகு 5. முதலில் பாதியாகக் குறைகிறது. அடுத்து ஐந்தில் மூன்று பங்காக. அதற்கடுத்து மூன்றில் இரண்டு பங்காக. குறையும் வீதமே வரிசைக்கு வரிசை மாறுகிறது. சிலர் ஒவ்வொரு வரிசையையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்காக வைத்துக்கொண்டே போனார்கள். 1435இல் ஓவியம் பற்றி நூல் எழுதிய லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி இதைத் தவறு என்று எடுத்துக்காட்டினார். பிழையைப் பிடிக்க அவர் தந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சதுரக்கற்களின் குறுக்காக மூலைவிட்டம் ஒன்றை நீட்டுங்கள். தரையில் நேராக ஓடும் கோடு படத்திலும் நேராகத்தான் ஓடவேண்டும். மாறாத வீதத்தில் குறைத்தவரின் தரையில் அது வளைந்துவிடும். ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலே குற்றம் தெரிந்துவிடும்.

ஆல்பெர்ட்டியின் செய்முறையும் இதே தெளிவுடையது. படத்தை, உலகத்தைப் பார்க்கத் திறந்த சாளரமாகக் கொள்ளச் சொன்னார். முன்னால் நிற்கும் மனிதனின் உயரத்தை மூன்று பிராச்சியோ எனக் கொண்டு, அதே அளவால் அடிக்கோட்டைப் பிரிக்கவேண்டும். ஃபிளாரன்ஸின் பிராச்சியோ ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். மூன்று சேர்ந்தால் ஓர் ஆளின் உயரம். குறுக்குக் கோடுகளுக்குத் தனியாக ஒரு பக்கவாட்டு வரைபடம்: கண் இங்கே, தரையின் பிரிவுகள் அங்கே, நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. இரண்டையும் இணைக்கும் கோடுகள் அந்தச் செங்குத்தை வெட்டும் உயரங்களைப் படத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

இவ்வளவு கணக்கு ஓவியனுக்கு எங்கிருந்து வந்தது? ஃபிளாரன்ஸ் வணிகர்களின் ஊர். அங்கே சிறுவர்கள் அபாக்கோ பள்ளிகளில் வணிகக் கணிதம் படித்தார்கள். மூன்று எண்கள் தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடிக்கும் விகிதக் கணக்கு அங்கே அன்றாடப் பாடம். நாணய மாற்று, கூட்டு வணிகத்தின் லாபப் பங்கு எல்லாம் அதில் அடக்கம். கண்ணாடித் தகட்டின் கணக்கும் அதே விகிதம்தான். ஓவியர் பியரோ தெல்லா பிரான்செஸ்கா வணிகக் கணிதத்துக்கு ஒரு நூலும், ஓவியத்துக்கான பெர்ஸ்பெக்டிவ் பற்றி யூக்ளிடின் பாணியில் இன்னொரு நூலும் எழுதினார். கிறிஸ்து சாட்டையடி படும் காட்சியை அவர் தீட்டிய சின்னஞ்சிறு பலகையிலிருந்து, அதில் உள்ள மண்டபத்தின் தரைப்படத்தையே 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் திருப்பி வரைந்துவிட்டார்கள். ஓவியம் அவ்வளவு கறாரானது.

கறார் எல்லா இடத்திலும் உதவாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படத்தின் ஓரத்தில் உள்ள ஓர் உருண்டையை விதிப்படி வரைந்தால் அது நீள்வட்டமாக வரும். சரியான இடத்தில் கண்ணை வைத்தவருக்கு மட்டுமே அது உருண்டையாகத் தெரியும், மற்றவர்களுக்கு முட்டை. வத்திக்கானில் 1509 முதல் 1511 வரை ‘ஏதென்ஸ் பள்ளி’யைத் தீட்டிய ரஃபேல், கட்டடத்தை முழுக்க விதிப்படி வரைந்தார், வலது ஓரத்தில் இருவர் ஏந்தியிருக்கும் கோளங்களை மட்டும் விதியை மீறி வட்டமாகவே விட்டார். அவருடைய முடிவுதான் சரி. சுவரோவியத்தைப் பலர் பல இடத்தில் நின்று, இரு கண்ணாலும் பார்க்கிறார்கள்.

இந்தப் பயிற்சி ஓவியத்தோடு நிற்கவில்லை. 1609 கோடையில் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்தார். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கரடுமுரடான ஒரு கோடு, சில கறைகள், அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் பதுவாவிலிருந்து பார்த்த கலிலியோ, அந்தக் கரடுமுரடில் மலைகளின் நிழலைக் கண்டார். அவருடைய கருவி வலிமை கூடியது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அவருக்குக் கணிதம் கற்பித்த ஒஸ்தீலியோ ரிச்சி ஃபிளாரன்ஸ் ஓவியர்களுக்கும் பெர்ஸ்பெக்டிவ் கற்பித்தவர். தட்டையாகத் தெரிவதில் மேடுபள்ளத்தைப் படிக்கப் பழகிய கண் கலிலியோவுடையது. அவருடைய நூலின் படங்கள் வெளிவந்த பிறகு, ஹாரியட்டின் வரைபடங்களிலும் பள்ளங்கள் தோன்றின.

கலிலியோ பார்த்ததோடு விடவில்லை, அளந்தார். இருண்ட பகுதிக்குள் தனியாக மின்னும் புள்ளிகள் சில, ஒளியின் எல்லைக் கோட்டிலிருந்து நிலவின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு தூரம்வரை தள்ளியிருந்தன. அவை சூரிய ஒளி முதலில் தொடும் மலையுச்சிகள் என்றால், நிலவின் மையம், எல்லைக்கோடு, மலையுச்சி மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம். நிலவின் ஆரத்தை அவர் 1000 இத்தாலிய மைல் என்று கொண்டார். அப்படியானால் ஒளிக்கதிர் உச்சிவரை சென்ற தூரம் 100. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 10,10,000. அதன் வர்க்கமூலம் 1004க்கு மேல். ஆரத்தைக் கழித்தால் மலையின் உயரம் நான்கு மைலுக்கு அதிகம்.

1613இல் ஃபிளாரன்ஸ் ஓவியர், சிற்பிகளின் அகாதமி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே அவருடைய நண்பர் சிகோலி, பெர்ஸ்பெக்டிவ் பற்றி நூல் எழுதிய ஓவியர், ரோமின் சாந்தா மரியா மஜோரே தேவாலயத்தில் ஒரு குவிமாடத்தின் உட்புறத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். மரபுப்படி அன்னை மரியாள் நிற்பது மாசற்ற நிலவின்மேல். சிகோலி அவள் காலடியில் வைத்தது, கலிலியோ வரைந்த நிலவை: பள்ளங்களும் கரடுமுரடான ஒளியெல்லையும் சேர்த்து.