பல் செட்டும் கணினிக் கோப்பும்

"ஸ்கேன் எடுத்து ஒரே நாளில் பல் செட் தருகிறார்களாமே, டாக்டர்?"

வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய காணொளியைக் காட்டி, மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்துப் பெரியவர்கள் இப்போது அடிக்கடி இப்படிக் கேட்கிறார்கள். முழு பல் செட் செய்ய ஐந்து தடவையாவது பஸ் ஏறி வரவேண்டும் என்று சொன்னதும் கைப்பேசி வெளியே வந்துவிடும். ஆசையில் தவறில்லை. ஆனால் அந்தக் காணொளிகளில் கருவியைக் காட்டும் அளவுக்கு வாயைக் காட்டுவதில்லை.

வாய்க்குள் விட்டுப் படமெடுக்கும் ஸ்கேனர், பல் உள்ள வாயில் நன்றாகவே வேலை செய்யும். வரிசையாகப் படங்களை எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி முப்பரிமாண உருவமாக்கும். அப்படிப் பொருத்துவதற்குப் பற்களின் மேடு பள்ளங்கள்தான் அடையாளம். எல்லாப் பல்லும் போன வாயில் அந்த அடையாளங்கள் மிகக் குறைவு. வழுவழுப்பான ஈறும் எச்சிலும் ஓயாமல் அசையும் நாக்கும் வேறு இருக்கின்றன.

அதைவிடப் பெரிய சிக்கல் ஓரம். பேசும்போதும் விழுங்கும்போதும் கன்னமும் உதடும் நாக்கும் எதுவரை வருகின்றனவோ, அதுவரைதான் செட்டின் ஓரம் போகலாம். நீண்டால் புண்ணாகும், குறைந்தால் காற்று புகுந்து செட் கழன்றுவிடும். பச்சைக் குச்சியாக வரும் காம்பவுண்டு என்ற அளவெடுக்கும் பொருளைச் சூட்டில் இளக்கி, அளவுத் தட்டின் ஓரத்தில் வைத்து, "உதட்டைக் குவியுங்கள், நாக்கை நீட்டுங்கள்" என்று நாங்கள் பாடாய்ப்படுத்துவது இதற்காகத்தான். அசையும் தசை ஓரத்தைத் தள்ளி உருவாக்கும் அந்த வடிவம், மேலே படம்பிடித்துப் போகும் கருவிக்கு எளிதில் அகப்படாது. கீழ்த்தாடையில் இது இன்னும் கடினம். பல் போனபின் அங்கே எலும்பு தேய்வது மேல்தாடையைப் போல் ஏறத்தாழ 4 மடங்கு என்று 1972-லேயே ஒரு நீண்டகால ஆய்வு காட்டியது. எனவே முழு செட்டுக்கு நான் இன்னும் கையால்தான் அளவெடுக்கிறேன். பிறகு அந்த அளவை ஸ்கேன் செய்கிறேன்.

அதற்குப் பிந்தைய வேலைகளில் கணினியின் உதவியைத் தாராளமாக ஏற்கலாம். பழைய முறையில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கை மாவுபோலப் பிசைந்து அச்சில் அழுத்தி வெந்நீரில் வேகவைப்பார்கள். கெட்டியாகும்போது அது சிறிது சுருங்கும். மேல் செட் அண்ணத்தின் பின்புறம் சற்றே எழும்பி நிற்பதற்கு அது ஒரு காரணம். ஆலையிலேயே கெட்டியாக்கிய அக்ரிலிக் வட்டத்தை இயந்திரத்தில் கடைந்து செட் செய்தால், சுருங்கவேண்டியது முன்பே சுருங்கி முடிந்திருக்கும். முப்பரிமாணப் பிரிண்டர் வேறு வழி: திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக உறையவைக்கிறது. செலவு குறைவு, பொதுவாக உறுதியும் கடைந்ததைவிடக் குறைவு. வாயில் வைத்துப் பார்க்கும் மாதிரி செட்டுக்கு அது போதும் என்பது என் கருத்து. எல்லாம் கூடிவந்தால் ஐந்து வருகை மூன்றாகலாம். ஒரே நாள் என்பதை மறந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான ஆதாயம் வேகத்தைவிட, செட் முடிந்தபின்னும் நம்மிடம் இருக்கும் கோப்பில்தான் அதிகம். குளச்சல் பக்கத்து மீனவர் ஒருவர் வள்ளத்தில் குமட்டலெடுத்து வாந்தியோடு கீழ் செட்டையும் கடலுக்குக் கொடுத்துவிட்டார். பழைய முறை என்றால் அளவிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். அவருடைய வடிவம் கணினியில் இருந்ததால் அதையே மீண்டும் செய்து, வாயில் சிறிது சரிபார்த்துக் கொடுத்தோம். ஆனால் கோப்புக்கும் வயதாகும். எலும்பு தேய்ந்துகொண்டே இருப்பதால், பல ஆண்டுகளுக்கு முந்தைய வடிவத்தை அப்படியே எடுத்தால் ஆடும்.

குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருப்பதால், பயிற்சியை அண்மையில் முடித்த இளைஞர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். மென்பொருளில் அவர்கள் விரல்கள் பறக்கின்றன. மாணவர் பயிற்சிக்காகக் கடைந்த பல்லை ஸ்கேன் செய்து, சரியான வடிவத்தின் மேல் வைத்து, எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று வண்ணத்தில் காட்டும் வசதி எங்கள் காலத்தில் இல்லை. ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறும் பழைய வழக்கத்துக்கு அது நல்ல மருந்து.

செட்டில் பல் அடுக்குவதை மட்டும் முதலில் மெழுகில் கற்கவேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன். நெடுநாள் பல்லில்லாமல் மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் முன்வாயால் மசித்தே பழகியவர், "கடியுங்கள்" என்றதும் தாடையை முன்னே தள்ளிக் கடிப்பார். மெழுகுத் திட்டை வாயில் வைத்து, மோவாயைத் தொட்டுப் பார்த்துப் பழகியவருக்கு அது உடனே பிடிபடும். மென்பொருளுக்குத் தெரியாது. மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரும் நிலையை, அதாவது தாடை உறவை, தவறாகக் கொடுத்தால் அதற்கேற்ப மைக்ரான் துல்லியத்தில் ஒரு தவறான செட்டைச் செய்து தரும்.

நோயாளிகளுக்கு இரண்டு வேண்டுகோள். செட் கணினி வழியாகச் செய்யப்பட்டிருந்தால், அதன் வடிவம் பதிந்த கணினிக் கோப்பின் (எஸ்.டி.எல். கோப்பு) பிரதியைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளின் மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். செட் உடைந்துபோனால், கடையில் விற்கும் பசையால் ஒட்டாதீர்கள். எல்லாத் துண்டுகளையும் தண்ணீரில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள். முறிந்த விளிம்புகள் சுத்தமாக இருந்தால் சேர்த்துவைத்து ஸ்கேன் செய்யலாம். பசை படிந்தால் அவை மறுபடி சரியாகச் சேராது.