கேமரா வாங்கும் முன் கெட்டுப்போன படங்களைப் பாருங்கள்

பாஸ்போர்ட் படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு வருகிற இளம் பெற்றோர் பலர் கிளம்பும்போது கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, குழந்தையைப் படம் எடுக்க நல்ல கேமராவா ஒண்ணு சொல்லுங்களேன்." நான் மாடல் பெயர் சொல்வதில்லை. போனில் மனதுக்குப் பிடிக்காமல் போன படங்களைக் காட்டச் சொல்வேன். கேமரா வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடும்.

பெரும்பாலான போன்களில் கேலரியில் படத்தை மேலே தள்ளினால் ஷட்டர் வேகமும் (எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விட்டது என்பது) ஐஎஸ்ஓவும் (வெளிச்சம் போதாதபோது படத்தை எவ்வளவு தூக்கிக் காட்டியது என்பது) தெரியும். இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படமென்றால் 1/30 விநாடி, ஐஎஸ்ஓ ஆயிரத்துக்கு மேல் என்று இருக்கும். அந்த வேகத்தில் குழந்தை தலையைத் திருப்பினாலே முகம் இழுபட்டுப் போகும். ஓடுகிற பிள்ளைக்கு 1/250 வேண்டும்; 1/500 இருந்தால் நிம்மதி. அதே குழந்தையைக் காலையில் ஜன்னலோரம் உட்கார வைத்து அதே போனில் எடுத்துப் பாருங்கள். படம் பளிச்சென்று வந்தால் குறை போனில் இல்லை, வெளிச்சத்தில்தான்.

சிலர் காட்டுவது சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். அனுப்பும்போதே அது சுருங்கிவிடுகிறது. 2023இல் ஹெச்டி வசதி வந்தது, அதிலும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். டாக்குமெண்டாக அனுப்பினால் அசல் அப்படியே போகும். லட்ச ரூபாய் கேமராவில் எடுத்தாலும் படம் இதே வழியாகத்தான் ஊருக்குப் போகப்போகிறது.

மெகாபிக்சல் கணக்கையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்திலேயே 4x6 பிரிண்டுக்கு 2.2 மெகாபிக்சல் போதும், சுவரில் மாட்டும் 8x12க்கு 9கூட ஆகாது.

சரி, கேமரா வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பாக்ஸோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸை மாட்டி, அன்று இரவே ஹாலில் படம் எடுத்துவிட்டு, "போனே தேவலைபோல இருக்கே" என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. இப்படிக் கிட் லென்ஸோடு வரும் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அளவு சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. அது சுமார் 23x15 மி.மீ.; நல்ல போனில் 10x7 மி.மீ. அளவு இருக்கும். பரப்பில் ஐந்து மடங்கு பெரிதுதான். ஆனால் போன் லென்ஸ் எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் வாய் பெரிது). கிட் லென்ஸோ 18 மி.மீ.யிலேயே எஃப் 3.5தான், அங்கே வெளிச்சம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. பெரிய சென்சாரால் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி லென்ஸிலேயே போய்விடும். போதாக்குறைக்குப் போன் பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றாக்கித் தருகிறது. கேமரா அந்த வேலையைப் பொதுவாகச் செய்வதில்லை.

அதனால் பாடிக்கு, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவுக்கு, கொட்டும் பணத்தில் கொஞ்சத்தை லென்ஸுக்கு ஒதுக்குங்கள். கிட் லென்ஸ் 35 மி.மீ.யில் ஏறக்குறைய எஃப் 4.5. எஃப் 1.8 திறக்கும் 35 மி.மீ. லென்ஸ் ஆறு மடங்கு வெளிச்சம் தரும். 1/30இல் தடுமாறிய இடத்தில் 1/200 கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். எல்லோரும் வாங்கச் சொல்லும் 50 மி.மீ. லென்ஸ் தனி முகத்துக்கு அருமை. ஆனால் ஏபிஎஸ்-சியில் அது 75-80 மி.மீ. போலத் தெரியும், நம் பத்தடி ஹாலில் நான்கு பேரை அடக்க முதுகு சுவரில் முட்டும். இரண்டு வரிசையில் குடும்பமே நிற்கும்போது 1.8இல் எடுக்காதீர்கள், பின்வரிசைப் பாட்டி மங்கிவிடுவார். அதற்கு எஃப் 5.6 வைத்து, தலை திரும்பும் ஃப்ளாஷை வெள்ளைக் கூரையைப் பார்க்க அடிக்க வேண்டும்.

பள்ளி ஆண்டுவிழாவில் கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுக்க வேண்டுமா? அங்கே போன் ஜூம் பெரும்பாலும் கைவிட்டுவிடும், தூரத்தை இழுத்துக் காட்டும் 55-250 மி.மீ. போன்ற லென்ஸோடு கேமரா வாங்குவது நியாயம். துறுதுறுவென ஓடும் பிள்ளைகளுக்கு, கண்ணைத் தேடிப் ஃபோகஸ் செய்யும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) நிஜமாகவே உதவும். எதுவானாலும் முதலில் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். திங்கட்கிழமையும் படங்கள் மெமரி கார்டிலேயே கிடந்தால் வாங்க வேண்டாம் என்பேன்.

மிரர்லெஸ் வந்தபின் உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வீட்டுக்கு அவை தாராளமாகப் போதும். நிக்கான் டி3500, டி5600 பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தனக்குள் மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகைப் பழைய லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி லென்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஈரக்காற்றில் புது லென்ஸுக்கும் இது வரும். பையோடு பீரோவில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தினால் மறுபடி பயன்படும்.