மின்சுழற்சி அல்ல, மின்நூற்பு

நீரில் எளிதில் கரையாத மருந்துகளைப் பாலிமர் நானோ இழைகளில் ஏற்றுவது பற்றி நல்ல கட்டுரை ஒன்றைப் படித்தேன். தலைப்பிலேயே 'மின்சுழற்சி' என்றிருந்தது. மின்னழுத்தத்தால் பாலிமர் கரைசலை மெல்லிய இழையாக்கும் எலக்ட்ரோஸ்பின்னிங்கை இப்படி எழுதுவதை எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது?

'ஸ்பின்' என்ற பழைய ஆங்கில வினைக்கு முதற்பொருள் பஞ்சை இழுத்து முறுக்கி நூலாக்குவது. சிலந்தியின் ஆங்கிலப் பெயரும் அதே வேரில் பிறந்தது. சுழல்வது என்பது பின்னர் வந்த பொருள். 'எலக்ட்ரோ' கிரேக்கத்தில் அம்பரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வேர்க்கதை இவ்வளவுதான்.

இனி ஊசிமுனையைப் பாருங்கள். பாலிமரும் மருந்தும் கலந்த கரைசல் சிரிஞ்சில் இருக்கிறது. ஊசிக்குப் பல ஆயிரம் வோல்ட் கொடுத்ததும், உருண்டு தொங்கிய துளி கூம்பாக நீள்கிறது. 1964இல் இதைக் கணித்து விளக்கிய ஜெஃப்ரி டெய்லரின் பெயரால் அது டெய்லர் கூம்பு. அதன் நுனியிலிருந்து ஒரு தாரை கிளம்பி, சாட்டைபோல் நெளிந்து மெலிந்து, எதிரிலுள்ள தகட்டில் வெண்படலமாகப் படிகிறது. எங்கே சுழற்சி? நூற்கும் கதிர்கூட இங்கே இல்லை.

தாரை சுருள் சுருளாகத்தானே நெளிகிறது, இழைகளைச் சேர்க்கச் சில கருவிகளில் உருளையும் சுழல்கிறதே என்பார்கள். உருளை இழையைச் சேர்க்கிறது, ஆக்குவதில்லை. தட்டையான தகட்டிலும் இழை கிடைக்கிறது. நெளிவு இழையை மெலியவைக்கும் வழி. செய்யும் தொழிலோ நூற்பதுதான். உண்மையிலேயே சுழற்றி, மையவிலக்கு விசையால் இழை எடுக்கும் முறை தனியாக உண்டு. ஸ்பின்னிங் எல்லாம் சுழற்சி என்றால் அதை 'மையவிலக்குச் சுழற்சி' என்பீர்களா? பாலிமரை உருக்கி இழையாக்குவது 'உருக்குச் சுழற்சி'யா? போதாக்குறைக்கு, இயற்பியலில் எலக்ட்ரானின் ஸ்பின்னைத் தற்சுழற்சி என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். அங்கே சரியான சொல் இங்கே பிழை.

நூற்பாலை என்ற சொல்லை அறியாத தமிழர் உண்டா? அதிலிருக்கும் நூற்பே போதும். புணர்ச்சிப்படி 'மின்னூற்பு' என்பதே இலக்கணம். ஆனால் மின்னூல் என்றால் இன்று மின்புத்தகம். ஊற்று என்றும் கண் தடுமாறும். அதனால் தெளிவுக்காக 'மின்நூற்பு' என்றே பிரித்து எழுதுகிறேன். இலக்கணம் வல்லோர் கோபித்தாலும் சரி.

அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பு இதோடு நிற்பதில்லை. அதே கட்டுரையில் 'நீரில் மோசமாகக் கரையும் சேர்மங்கள்' என்றும் இருந்தது. சேர்மம் என்ன குற்றம் செய்தது? 'நீரில் அரிதாகக் கரையும்' என்றால் போதும். அந்த அரிய கரைதலை மாற்றத்தானே இத்தனை பாடும்! கரைப்பான் நொடியில் ஆவியாவதால் மருந்து மூலக்கூறுகளுக்குப் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமில்லை. பெரும்பாலும் படிகமற்ற நிலையிலேயே பாலிமருக்குள் சிதறி நிற்கின்றன. படிகத்தைவிட அந்நிலையில் மருந்து எளிதாகக் கரையும். இழை மெல்லியது, பரப்போ மிகுதி. பாலிவினைல் பைரோலிடோன் போல் நீரில் கரையும் பாலிமரானால், படலம் நனைந்ததுமே மருந்து வெளியேறத் தொடங்குகிறது.