கன்வெர்ட்டிபிள் கார் சீட்: பெட்டியில் பெரிதாகத் தெரியும் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

ஒன்பது, பத்து மாதக் குழந்தையோடு என்னிடம் வரும் பெற்றோர் எடை, பல், தூக்கம் எல்லாம் பேசி முடித்து, எழுந்து போகும் நேரத்தில் கேட்பார்கள்: "டாக்டர், பிறந்தப்போ வாங்கின கார் சீட் சின்னதாயிடுச்சு. அடுத்து கன்வெர்ட்டிபிள் வாங்கலாம்னு இருக்கோம். எது நல்லது?" ஏதாவது ஒரு பிராண்டின் பெயரை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "நீங்க பார்த்து வச்சிருக்கிற சீட்டில குழந்தை எத்தனை கிலோ வரைக்கும், எவ்வளவு உயரம் வரைக்கும் பின்பக்கம் பார்த்து உட்காரலாம்?" பெரும்பாலும் அதற்குப் பதில் இருப்பதில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது அந்த எண் அல்லவே.

கன்வெர்ட்டிபிள் சீட் என்பது இரண்டு நிலைகளில் பொருத்தக்கூடிய ஒரே இருக்கை. முதலில் குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி உட்காரும். வளர்ந்தபின் அதே சீட்டை முன்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். இதில் விலைமதிப்புள்ள பகுதி முதல் நிலைதான். எவ்வளவு காலம் குழந்தையைப் பின்நோக்கி வைத்திருக்க ஒரு சீட் இடம் கொடுக்கிறதோ, அவ்வளவுக்கு அது நல்ல சீட். மெத்தையும் நிறமும் கப் ஹோல்டரும் அப்புறம்.

குழந்தையின் கழுத்தைப் புரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலைதான். உடலோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட மிகப் பெரிய, கனமான தலை. அதைத் தாங்கும் கழுத்து எலும்புகளோ இன்னும் முழுதாக எலும்பாகவில்லை. பெரும்பாலான முள்ளெலும்புகள் மூன்று துண்டுகளாக, நடுவில் குருத்தெலும்பால் இணைந்திருக்கும். இவை ஒன்றுசேர்ந்து இறுக மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை ஆகும். இணைப்பு நார்களும் தளர்வானவை. அவை இழுபடும் அளவுக்கு உள்ளே ஓடும் தண்டுவடம் இழுபடாது.

கடுமையான விபத்துகளில் முன்பக்கம் மோதுவதே அதிகம். கார் சட்டென்று நிற்கும்போது முன்னோக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தோளையும் இடுப்பையும் பட்டை பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. முழு வேகத்தில் முன்னால் பாயும் தலையை அந்தப் பிஞ்சுக் கழுத்து மட்டுமே இழுத்து நிறுத்த வேண்டியிருக்கும். அதே குழந்தை பின்நோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டின் முதுகுப்புறத்தில் அழுந்தும். மோதலின் விசை முதுகு முழுக்கப் பரவிவிடும். "பின்னாடியிலிருந்து யாராவது இடிச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். ஆனால் பின்பக்க மோதல்களில் பெரும்பாலும் இரண்டு வண்டிகளும் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும் என்பதால், முன்பக்க மோதலின் கடுமை அவற்றில் இருப்பது அரிது.

ஸ்வீடனில் 1960-களிலேயே பெர்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவப் பேராசிரியர், விண்வெளி வீரர்கள் மல்லாந்து சாய்ந்தபடி விசையை முதுகில் வாங்கிக்கொள்வதைப் பார்த்துப் பின்நோக்கிய குழந்தை இருக்கையை வடிவமைத்தார். அந்த நாட்டில் நான்கு வயது வரை குழந்தைகளைப் பின்நோக்கி உட்கார வைப்பது இன்று சாதாரண வழக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-இல் "இரண்டு வயது வரை" என்று சொன்னது. 2018-இல் அந்த வயது வரம்பையே எடுத்துவிட்டு, சீட் அனுமதிக்கும் அதிகபட்ச எடையோ உயரமோ எட்டும் வரை பின்நோக்கியே வைத்திருங்கள் என்று மாற்றிக்கொண்டது. நானும் அதையே சொல்கிறேன். முன்பக்கம் திருப்புவதைக் குழந்தை வளர்ந்ததற்கான பரிசாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாதுகாப்பில் ஒரு படி இறக்கம். அந்தப் படியை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது.

இப்போது பெட்டியில் இருக்கும் எண்ணுக்கு வருவோம். "0 முதல் 18 கிலோ வரை" என்று போட்டிருக்கும். பதினெட்டுக் கிலோ வரை பின்நோக்கி உட்காரலாம் போல என்று நினைத்துக்கொள்வோம். ஐ.நா.வின் பழைய ஆர்44 தரத்தில் வந்த பல கன்வெர்ட்டிபிள் சீட்டுகளில் பின்நோக்கிய நிலைக்கு எல்லை 13 கிலோதான். மீதி முன்னோக்கிய நிலைக்கு உரியது. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தத் தரத்தில் 9 கிலோவிலிருந்தே முன்பக்கம் திருப்ப அனுமதி இருந்தது. சராசரி ஆண் குழந்தை ஒன்பது மாதத்திலும், பெண் குழந்தை ஒரு வயதை ஒட்டியும் 9 கிலோவைத் தொட்டுவிடும். விதிப்படி சரி. ஆனால் அந்த வயதுக் கழுத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். 9 கிலோ என்பது "இதற்கு முன் கூடவே கூடாது" என்கிற எல்லை மட்டுமே. அதை "இப்போது திருப்பிவிடு" என்று படிப்பதில்தான் பிழை நேர்கிறது.

2013-இல் வந்த ஆர்129 தரம், ஐ-சைஸ் என்று பலரும் அறிந்தது, இந்த இடத்தில் தெளிவானது. எடைக்குப் பதிலாக உயரத்தை அளவுகோலாக வைக்கிறது. 15 மாதத்துக்கு முன் முன்னோக்கி வைக்கவே கூடாது என்கிறது. பக்கவாட்டு மோதல் சோதனையையும் கட்டாயமாக்கியிருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிகிறதென்றால் ஆர்129 முத்திரை உள்ளதை எடுங்கள். எந்தத் தரமானாலும் சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் சிறிய லேபிளைப் படியுங்கள். பின்நோக்கிய நிலைக்கான எடை, உயர வரம்பு அங்கே தனியாக இருக்கும். 18 கிலோ வரையும் அதற்கு மேலும், அல்லது 105 சென்டிமீட்டர் வரை பின்நோக்கி வைக்க உதவும் சீட்டுகள் சந்தையில் இருக்கின்றன. நிறைய குழந்தைகளுக்கு அது நான்கு வயது வரை போதும்.

"காலு மடங்கி இருக்கே, வலிக்காதா?" இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. வலிக்காது. இரண்டு வயதுக் குழந்தை தரையில் எப்படி உட்காருகிறது என்று கவனியுங்கள்: சம்மணமிட்டு, குந்தி, தவளைபோல் காலை விரித்து. நமக்கு அசௌகரியமாகத் தெரிகிற நிலையில் அது மணிக்கணக்காக விளையாடும். பின்நோக்கி அமர்ந்த குழந்தைகளுக்குக் காலில் அடிபடுவது அரிது. முன்னோக்கி அமர்ந்தவர்களுக்குத்தான் கால்கள் முன்சீட்டில் மோதி அடிபடுவது கூடுதல். சீட் சிறிதாகிவிட்டதா என்பதைக் காலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தலையைப் பாருங்கள். பல சீட்டுகளில், தலையின் உச்சிக்கும் சீட்டின் மேல்விளிம்புக்கும் நடுவே இரண்டரை சென்டிமீட்டராவது மிச்சமிருக்கும் வரை இடம் இருக்கிறது என்று பொருள். உங்கள் சீட்டின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

எல்லாக் காருக்கும் எல்லாச் சீட்டும் பொருந்தாது. பின்நோக்கிய கன்வெர்ட்டிபிள் நிறைய இடம் பிடிக்கும். சின்னக் காரில் முன்சீட்டை மிகவும் முன்னால் தள்ள வேண்டி வரும், உயரமானவர் ஓட்டினால் திண்டாட்டம். தரையில் ஊன்றும் தாங்குகால் உள்ள சீட் என்றால், உங்கள் காரின் தரைக்கடியில் சாமான் வைக்கும் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மூடி மேல் காலை ஊன்றக் கூடாத கார்கள் உண்டு. ஆகவே முடிந்தவரை உங்கள் காரிலேயே பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முடியாவிட்டால், தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் பொருந்தும் கார்களின் பட்டியலில் உங்கள் கார் இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

ஐசோஃபிக்ஸா (காரில் இருக்கும் உலோகக் கொக்கிகளில் சீட்டை நேராகப் பூட்டும் முறை), காரின் சீட் பெல்ட்டால் கட்டுவதா என்று ஒரு விவாதம் உண்டு. சரியாகப் பொருத்தினால் இரண்டும் பாதுகாப்புதான். ஐசோஃபிக்ஸில் தவறு செய்ய வாய்ப்பு குறைவு, அதுதான் அதன் சிறப்பு. கையேடு சொல்லாமல் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பொருத்தியபின் பெல்ட் நுழையும் இடத்தில் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் தளர்வு. முன்னோக்கித் திருப்பும் காலம் வரும்போது, சீட்டின் உச்சியிலிருந்து போகும் டாப் டெதர் பட்டையைக் காரின் கொக்கியில் மாட்ட மறக்க வேண்டாம். விபத்தில் தலை முன்னால் போகும் தூரத்தை அது பத்து சென்டிமீட்டருக்கும் மேல் குறைக்கும். முன்சீட் முதுகில் மோதுவதும் மோதாமல் தப்புவதும் அந்த இடைவெளியில்தான். ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் பின்நோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். விரியும் ஏர்பேக் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் சீட்டின் முதுகுப்புறத்தை நேராக அடிக்கும்; உயிர் போன சம்பவங்கள் உண்டு.

எவ்வளவு நல்ல சீட்டையும் தளர்ந்த பட்டை வீணாக்கிவிடும். பயன்பாட்டில் இருக்கும் சீட்டுகளை ஆராய்ந்தபோது ஏறக்குறைய பாதியில் ஏதோ ஒரு தவறு இருந்ததாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. நான் பார்க்கும் சீட்டுகளிலும் முதல் தவறு தளர்வுதான். குழந்தை அழும், அதைப் பார்க்கப் பொறுக்காமல் பட்டையைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம். தோள் எலும்பின் மேல் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். பின்நோக்கி இருக்கும்போது பட்டை தோளின் உயரத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து வர வேண்டும். முன்னோக்கி இருக்கும்போது தோளின் உயரத்திலோ சற்று மேலேயோ. குழந்தை மாதாமாதம் வளர்கிறது, பட்டை தானாக ஏறாது. எடை பார்க்க வரும்போதெல்லாம் இதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த ஜாக்கெட்டைப் போட்டுப் பட்டையைக் கட்டினால் இறுக்கமாகத் தெரியும். மோதலில் பஞ்செல்லாம் அமுங்கி, பட்டைக்கும் உடலுக்கும் நடுவே வெற்றிடம்தான் மிஞ்சும். குளிர் என்றால் பட்டையைக் கட்டியபின் மேலே போர்த்துங்கள்.

பிறந்த நாளிலிருந்தே கன்வெர்ட்டிபிள் சீட்டைப் பயன்படுத்த விரும்புகிறவர்கள் சாய்வைக் கவனிக்க வேண்டும். மிகவும் நிமிர்ந்திருந்தால் சின்னக் குழந்தையின் தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழல் மடங்கிவிடும். சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் சாய்வுக் குறி வண்டி சமதரையில் நிற்கும்போது சரியாக இருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட பயணம் வேண்டாம். சீட்டோடு வந்திராத தலையணை, கழுத்து மெத்தை எதையும் உள்ளே செருகாதீர்கள். வீடு வந்ததும் தூங்கும் குழந்தையைத் தூக்கித் தட்டையான படுக்கையில் கிடத்துங்கள். கார் சீட் தூங்க வைக்கும் இடம் அல்ல.

"பக்கத்துலதான் போறோம், மடியில வச்சுக்கிறேன்" என்று பாட்டியோ அத்தையோ சொல்லும்போது மறுத்துப் பேசுவது கடினம் என்று எனக்குத் தெரியும். கணக்கைச் சொல்லுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோவைத் தூக்குவதற்கு ஈடான பலம் வேண்டும். எந்தக் கைக்கும் அது முடியாது, அன்புள்ள கைக்கும் முடியாது. அதே அமெரிக்கத் துறையின் கணிப்பில், கார் சீட் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விபத்தில் இறக்கும் அபாயத்தை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுள்ளவர்களுக்கு 54 சதவீதமும் குறைக்கிறது.

பழைய சீட் வாங்கலாமா? அக்காவோ நெருங்கிய நண்பரோ கொடுத்தால், அது எந்த விபத்திலும் சிக்கவில்லை என்று அவர்கள் உறுதியாகச் சொன்னால், கையேடும் எல்லாப் பாகங்களும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். முன்பின் தெரியாதவரிடம் வேண்டாம். மோதலில் சீட்டின் பிளாஸ்டிக் ஓடு உள்ளே விரிசல் விட்டிருக்கலாம், வெளியே தெரியாது. காரினுள் வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டுப் பிளாஸ்டிக்கும் வலுவிழக்கும். பெரும்பாலான சீட்டுகளுக்குத் தயாரிப்பாளர் ஆறு முதல் பத்து ஆண்டு வரை ஆயுள் குறித்திருப்பார். தயாரித்த தேதி அடியில் அச்சாகியிருக்கும். அந்தக் காலம் முடிந்த சீட்டையோ விபத்தில் சிக்கிய சீட்டையோ அப்படியே குப்பையில் வைக்காதீர்கள். பட்டைகளைக் கத்தரித்து, ஓட்டின் மேல் "பயன்படுத்தாதீர்" என்று பெரிதாக எழுதிவிட்டு வையுங்கள். எடுத்துப்போய் இன்னொரு குழந்தையை அதில் உட்கார வைக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.