மஸீஹ்: மீட்பரா, பூசப்பட்டவரா?

'மெசியா' என்றால் மீட்பர், இரட்சகர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு தலைவரை 'ஏழைகளின் மெசியா' என்று புகழும்போதும் அந்தப் பொருள்தான் மனத்தில் இருக்கிறது. ஆனால் அரபியில் 'மஸீஹ்' என்று வழங்கும் அந்தச் சொல்லின் வேரில் இருப்பது எண்ணெய்.

எபிரேயத்தில் 'மாஷஹ்' என்றால் பூசுதல், தடவுதல். அதிலிருந்து வந்தது 'மாஷியாஹ்', அதாவது எண்ணெய் பூசப்பட்டவர். பழைய இஸ்ரவேலில் அரசரையும் தலைமைக் குருவையும் அப்படித்தான் பதவியில் அமர்த்தினார்கள். இறைவாக்கினர் சாமுவேல் தைலக்குப்பியை எடுத்து, முதல் அரசரான சவுலின் தலையில் ஊற்றினார். பிறகு, ஆடு மேய்க்கப் போயிருந்த தாவீதை அழைத்துவரச் சொல்லி அவருக்கும் அபிஷேகம் செய்தார். யூதரே அல்லாத பாரசீக மன்னர் சைரசைக்கூட (பழைய தமிழ் பைபிளில் கோரேஸ்) ஏசாயா 45:1 இதே சொல்லால் குறிக்கிறது. தாவீதின் வழியில் ஒரு மன்னர் வருவார் என்ற எதிர்பார்ப்பு வளர்ந்த பிறகுதான், இது வரவிருக்கும் அந்த ஒருவரைக் குறிக்கும் பட்டமாக நிலைத்தது.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இதற்கு 'கிறிஸ்தோஸ்' என்ற சொல்லைப் போட்டார்கள். அதற்கும் பூசப்பட்டவர் என்றே பொருள். ஆக, கிறிஸ்து என்பது இயேசுவின் குடும்பப் பெயர் அல்ல. 'இயேசு கிறிஸ்து' என்று சொல்வதே, 'இயேசுதான் அந்த மெசியா' என்று அறிக்கையிடுவதுதான்.

சரி, அரபிக்கு வருவோம். குர்ஆனில் 'அல்-மஸீஹ்' 11 முறை வருகிறது. எல்லா இடங்களிலும் குறிக்கப்படுபவர் மர்யமின் மகன் ஈஸா (அலை) அவர்கள், அதாவது இயேசுதான். மர்யமுக்கு வானவர்கள் நற்செய்தி சொல்லும் 3:45 வசனத்திலேயே இந்தப் பெயர் சொல்லப்பட்டுவிடுகிறது. முஸ்லிம்கள் இயேசுவை மெசியாவாக ஏற்பதில்லை என்று எண்ணும் கிறிஸ்தவ நண்பர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன். பட்டத்தை இருவருமே ஏற்கிறார்கள். கன்னி மரியாளிடம் பிறந்தவர், மீண்டும் வருவார் என்பவற்றிலும் ஒன்றுபடுகிறார்கள். அந்தப் பட்டத்துக்கு என்ன பொருள் என்பதில்தான் பிரிகிறார்கள்.

கிறிஸ்தவருக்குக் கிறிஸ்து இறைமகன். பாவங்களுக்காகச் சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தவர். 'மீட்பர்' என்ற பொருள் அங்கேதான் வந்து ஒட்டிக்கொண்டது. குர்ஆனிலோ மஸீஹ் அல்லாஹ்வின் தூதர் (4:171), அவனுக்கு அடியாராய் இருப்பதைக் குறைவாக எண்ணாதவர் (4:172). அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்கிறது 4:157. பிறர் பாவத்தை ஒருவர் சுமப்பது என்ற கருத்தே இஸ்லாத்தில் இல்லை. அதனால் மஸீஹுக்கு 'மீட்பர்' என்று எழுதுவது முஸ்லிமின் வாயில் கிறிஸ்தவக் கொள்கையைத் திணிப்பதாகும்.

அவருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதற்கு முஸ்லிம் விரிவுரையாளர்கள் பல விளக்கங்கள் தருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, நோயாளிகளை அவர் கையால் தடவினார், அவர்கள் குணமானார்கள் என்பது. அரபியில் 'மஸஹ' என்றால் தடவுதல், துடைத்தல். தமிழ் முஸ்லிம்களுக்கு இது அன்றாடம் புழங்கும் சொல். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி உளூச் செய்யும்போது ஈரக்கையால் தலையைத் தடவுவதை 'மஸஹ் செய்தல்' என்றுதானே சொல்கிறோம்!

அப்புறம், தமிழில் எப்படிச் சொல்வது? பழைய பைபிள் 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்' என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் 'அருள்பொழிவு', 'திருப்பொழிவு' என்ற அழகான சொற்களைத் தந்தது. அபிஷேகத்துக்கு நல்ல தமிழாகத் 'திருமுழுக்கு' இருக்கிறதே என்று கேட்கலாம். கத்தோலிக்கத் தமிழில் அது ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டது.

கிறிஸ்தவப் பொருளில் எழுதும்போது 'அருள்பொழிவு பெற்றவர்' என்பதே சிறந்தது என்பது என் கருத்து. இஸ்லாமியப் பொருளில் எழுதும்போது 'மஸீஹ்' என்றே விட்டுவிடுவதுதான் நேர்மை. மூலப்பொருளை மட்டும் விளக்க வேண்டுமானால் நம்மிடம் 'தடவு' இருக்கிறது. தலைக்கு எண்ணெய் தடவுகிறோம், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியையும் தடவுகிறோம். சாமுவேலின் தைலமும் ஈஸா நபியின் கையும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன.